பேர் பதியாத மாதங்கள்

உறையூரில் வள்ளிக்கண்ணு குடியிருந்த தெருவில், எந்த வீட்டுப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நர்சம்மா லூர்துராணியின் ஸ்கூட்டி எந்த வாசலில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து முதல் முறையாக நாள் தள்ளிப்போனபோது வள்ளிக்கண்ணுவே அந்த ஸ்கூட்டிக்காக வாசலில் நின்றிருந்தாள். நர்சம்மா உள்ளே வந்து பேர் பதிந்தாள், ரத்தம் எடுத்தாள், மாத்திரை கொடுத்தாள். அன்றைக்கே அவள் புருஷன் அழகிரியின் போனுக்குப் பதிவு நம்பர் வந்தது. அவன் அதைத் தன் லோடு வண்டியில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் காட்டினான்.

மூன்றாம் மாசம் அது கலைந்தது.

கலைந்ததைவிட, கலைந்ததைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததுதான் அவளை வதைத்தது. அங்கன்வாடி டீச்சர் சத்துமாவு வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆளனுப்பினாள், வள்ளிக்கண்ணு அவளிடம் சொன்னாள். போனில் ஒரு பெண்குரல், "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?" என்று அக்கறையாகக் கேட்டது, அந்தக் குரலிடமும் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி, எதிர்வீட்டுக்காரி, மளிகைக்கடையில் பார்த்தவள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது புதிதாக இன்னொரு தடவை நடந்தது.

இரண்டாவது முறை ஐந்தாம் மாசம் வரை வந்தது. ஊட்டச்சத்துப் பெட்டிகூடக் கொடுத்துவிட்டார்கள். சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய், டானிக் என்று பெட்டி நிறைய. அதை அழகிரி தோளில் வைத்துத் தெரு நடுவே தூக்கி வந்தான். அதற்கப்புறம் ஒரு நாள், வேலை பார்க்கும் துணிக்கடையில் நின்றுகொண்டிருக்கும்போது இடுப்பு வலி எடுத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரத்தில், எதிர்வீட்டுக்காரி வெள்ளந்தியாகத்தான் கேட்டாள்: "அந்தப் பெட்டியைத் திருப்பிக் கேப்பாங்களாடி?"

வள்ளிக்கண்ணு அன்று மத்தியானமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். பிரித்தது பாதி, பிரிக்காதது பாதி. வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைத்தாச்சிகள் நடுவே பெஞ்சின் மேல் அதை வைத்துவிட்டு வெளியே வந்தாள். லூர்துராணி கையில் ஊசியோடு வாசல்வரை ஓடி வந்து, "வள்ளிக்கண்ணு, நில்லும்மா!" என்று கூப்பிட்டாள். இவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதனால் மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனபோது வள்ளிக்கண்ணு அழகிரியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

"பேர் பதிஞ்சிடலாம் வள்ளி," என்றான் அவன். மண்ணச்சநல்லூர் மில்லிலிருந்து அரிசி ஏற்றிவந்த களைப்போடு, சட்டையெல்லாம் தவிட்டுத் தூளாக உட்கார்ந்திருந்தான். "பதிஞ்சாத்தானே எல்லாம் கிடைக்கும்."

"எனக்கு எதுவும் கிடைக்க வேணாங்க. இது ஒண்ணு தங்கினாப் போதும்."

"பதியறதுக்கும் தங்கறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரியல. ஆனா ரெண்டு தடவை பதிஞ்சோம்ல?"

பதிவு நம்பர் கருவைக் கலைக்காது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? பத்தாவது படித்தவள். மலைக்கோட்டைக்குக் கீழே பிளவுஸ் துணிக்கடையில், வருகிறவளின் புடவையை ஒரு முறை பார்த்தால் போதும், நூறு பச்சையில் சரியான பச்சையை எடுத்துப்போடுகிறவள். மூட நம்பிக்கை என்று யாராவது சொல்லியிருந்தால் ஆமாம் என்றிருப்பாள். ஆனால் அந்த ஸ்கூட்டி வாசலில் நிற்பதை நினைத்தாலே கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றியது.

யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று அவனிடம் தன் தலை மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு அவள் ஸ்ரீரங்கத்துக்குப் போனாள். மூலத்தோப்பில் அக்கா சுபலட்சுமி இருந்தாள். அக்கா வீட்டுக்காரர் கல்யாண சமையலுக்குப் போகிறவர். பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், கூடமாட ஒத்தாசைக்குப் போகிறேன் என்று உறையூரில் சொல்லிவிட்டு வந்தாள்.

அக்கா அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். பிறகு, "யாருக்கும் சொல்ல வேணாம். பெருமாள் பாத்துப்பார்," என்றாள். ஒரே ஒரு தடவை இருவரும் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார்கள். ஸ்கேனில் இதயம் துடிப்பதைக் காட்டினார்கள். வள்ளிக்கண்ணு திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. வெளியே வரும்போது மேஜையில் இருந்த பெண், "ஆர்சிஎச் பதிவு நம்பர் சொல்லுங்க. அடுத்த தடவை வரும்போது கட்டாயம் வேணும்," என்றாள். அடுத்த தடவை அவள் போகவில்லை.

ஆறு மாசம் வரை பஸ் ஏறிக் கடைக்குப் போய்வந்தாள். புடவைத் தலைப்பைச் சுற்றி இழுத்துக்கொண்டால், மேஜைக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு வயிறு இருப்பது யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. கடைக்குப் போவதை நிறுத்தினாள். மோதிரம் விரலில் இறுகியது. சோப்பு போட்டுக் கழற்றினார்கள்.

"பிள்ளைத்தாச்சிக்கு நீர் கோத்துக்கிறது சகஜம்," என்று அக்கா பார்லி கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

குழந்தை உதைக்க ஆரம்பித்திருந்தது. முதல் இரண்டும் அவ்வளவு தூரம் வரவில்லை. காலையில் கோவில் மணி கேட்கும் நேரத்தில் இடது பக்கம் ஓர் உதை. உடனே அக்காவின் கையைப் பிடித்திழுத்து அந்த இடத்தில் வைப்பாள். அவள் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமான நாட்கள் முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருக்கவில்லை.

அழகிரிதான் சத்தியத்தை மீறினான். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். கன்னம் உப்பி, கண் இடுங்கிப்போயிருந்தது. அவள் சிரித்தாள். அவன் சிரித்துவிட்டுப் போய், மறுநாள் சுகாதார நிலையத்து வாசலில் நின்றான்.

அன்று மத்தியானமே காவிரிப் பாலம் தாண்டி ஸ்கூட்டி வந்துவிட்டது. சத்தத்தைக் கேட்டதும் வள்ளிக்கண்ணு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"வாங்க," என்று அக்கா தடுமாறினாள். "யார் வேணும்?"

"கொஞ்சம் தண்ணி குடுங்க. வெயில் கொளுத்துது," என்றாள் லூர்துராணி. குடித்தாள். உட்கார்ந்தாள். அவள் எழுந்து போவதாக இல்லை என்பது கதவுக்குப் பின்னால் இருந்தவளுக்கும் தெரிந்தது.

"வள்ளிக்கண்ணு," என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். "நான் பேர் எழுத வரல. நோட்டு எடுத்துட்டு வரல, போனை வண்டியிலேயே வச்சிட்டேன். ப்ரஷர் மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்."

உள்ளே தாழ்ப்பாள் அசைந்தது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே, நர்சம்மா?"

"சொல்ல மாட்டேன்."

கதவு திறந்தது. லூர்துராணி அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். இறக்கினாள். இன்னொரு தடவை அடித்தாள். அடுத்து மற்றக் கையில்.

"தலைவலி இருக்கா?"

"ரெண்டு நாளா. வெயில்ல."

"கண்ணு முன்னாடி பூச்சி பறக்கற மாதிரி?"

வள்ளிக்கண்ணு அக்காவைப் பார்த்தாள். அக்காவிடம்கூட அதை அவள் சொல்லியிருக்கவில்லை. லூர்துராணி பட்டையைக் கழற்றிவிட்டு அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். "சொல்ல மாட்டேன்னு சொன்னேன். மன்னிச்சுக்கம்மா, இப்ப சொல்லியாகணும்," என்றவள், அக்காவைப் பார்த்து, "என் வண்டியில இருக்கற போனை எடுத்தாங்க. 108-ஐக் கூப்பிடணும்," என்றாள்.

ஆம்புலன்ஸில் அவள் அழகிரியைத் திட்டிக்கொண்டே போனாள். தனக்குக் கொடுத்த சத்தியத்தை அவன் மீறினானே என்பதைத் தவிர வேறெதையும் மனம் ஏற்கவில்லை. லூர்துராணி போனில் பேசிக்கொண்டே வந்தாள்: பெயர், வயசு, எத்தனையாவது பிள்ளை, கடைசியாக முழுகிய மாசம். பெரியாஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்பதற்குள் பதிவு முடிந்திருந்தது. யாரும் அவளை ஏன் இவ்வளவு நாள் பதியவில்லை என்று கேட்கவில்லை. தள்ளுவண்டியில் போட்டு ஓடினார்கள். வலிப்பு வராமலிருக்க ஊசி, குழந்தையின் நுரையீரலுக்கு ஊசி. எல்லாம் தயாராக, எல்லாம் இலவசமாக, அத்தனை மாசமும் அவளுக்காகக் காத்திருந்ததைப் போல வந்தன. இரண்டு நாள் தாங்கினாள். அதற்குமேல் பொறுத்தால் இரண்டு உயிரும் போய்விடும் என்று ஆபரேஷன் செய்தார்கள்.

பெண் குழந்தை. ஒரு கிலோ இருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் பார்க்க அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிப்போனார்கள். மூக்கில் குழாய், காலில் சின்னதாக ஒரு பட்டி. அதில் 'வள்ளிக்கண்ணு பேபி' என்று எழுதியிருந்தது. கையைக் கழுவிவிட்டு ஓட்டை வழியாக விரலை நுழைக்கச் சொன்னாள் வார்டு நர்ஸ். குழந்தையின் முழங்கை அவள் விரல் கணு அளவுதான் இருந்தது. ஆனாலும் அந்தக் கை அவள் விரலைப் பற்றியது.

"இவ்வளவு பலமா?" என்றாள் வள்ளிக்கண்ணு.

"பொண்ணாச்சே," என்றாள் நர்ஸ்.

பால் சுரந்தது. ஸ்டீல் கிண்ணத்தில் பீய்ச்சிக் கொடுப்பாள். அதைக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். வளர்ந்த பிறகு பாலாடைச் சங்கில் கொடுக்கலாம், அதற்கப்புறம் நீங்களே மடியில் போட்டுக் கொடுக்கலாம் என்றார்கள். அவள் அந்த வரிசையை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். குழாய், பாலாடை, மடி. பக்கத்துக் கட்டிலில் நஸ்ருல்லா என்பவரின் மனைவிக்கும் குறைமாசப் பிள்ளைதான். அந்தப் பெண்ணுக்குப் பாலே வரவில்லை. இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து, ஒன்றாகத் தாங்கித் தாங்கி நடந்துபோய், கண்ணாடிக்கு வெளியே நிற்பார்கள்.

ஒரு நாள் இளம் டாக்டர் ஒருவர் அவளுடைய விவரங்களைப் படித்துவிட்டு, "முன்னாடியே வந்திருந்தா ஆரம்பத்துலயே ப்ரஷரைக் கண்டுபிடிச்சு மாத்திரை குடுத்திருக்கலாம். இன்னும் சில வாரம் உள்ளேயே இருந்திருக்கும்," என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் சொன்னது போகவில்லை.

இரண்டாவது வாரத்தில் குழந்தையின் ரத்தத்தில் கிருமி கலந்தது. மருந்து மாற்றினார்கள், ரத்தம் ஏற்றினார்கள். ஒரு விடியற்காலை, குழாய்களையெல்லாம் எடுத்துவிட்டு, வெள்ளைத் துணியில் சுற்றி, அவள் மடியில் வைத்தார்கள். முதல் முறையாக மடியில் வந்தது. கனமே இல்லை.

தகவல் தெரிந்து லூர்துராணி வந்தாள். அழகிரி வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பேர் வச்சீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள் நர்சம்மா.

"யாழினி," என்றாள் வள்ளிக்கண்ணு. அந்தப் பேரை மூலத்தோப்பில், உதைத்த ஒரு காலையில், யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரி அமரர் ஊர்தி இலவசமாகக் கிடைக்கும் என்றார்கள். அழகிரி வேண்டாமென்றான். தன் லோடு வண்டியின் முன்சீட்டைத் துண்டால் துடைத்துத் துடைத்துத் தவிட்டுத் தூளெல்லாம் போகும்வரை துடைத்தான். ஓட்டுகிறவன் பிள்ளையைப் பிடிக்க முடியாதே. லூர்துராணிதான் ஏறி உட்கார்ந்து, காவிரிக்கரை வரை யாழினியை மடியில் வைத்துக்கொண்டு போனாள். தையல் காயத்தோடு கட்டிலில் கிடந்த வள்ளிக்கண்ணுவுக்கு அது பிறகுதான் தெரியும்.

அன்று சாயங்காலம் அவள் ரவிக்கை நனைந்தது. வழக்கமான நேரம். கிண்ணத்தை எடுத்துப் பீய்ச்சினாள். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. வார்டு நர்ஸ் அதை வாங்கத் தயங்கி நின்றாள். வள்ளிக்கண்ணு பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். "அந்தப் பொண்ணோட பிள்ளைக்கு ஆகுமா?"

"பரிசோதிச்சுத்தான் குடுப்பாங்கம்மா. யாருக்குப் போகும்னு சொல்ல முடியாது."

"யாருக்காவது போகட்டும்."

வீட்டுக்குப் போன பிறகும் பால் நிற்கவில்லை. மார்பு கல்லாகக் கனத்தது. அக்கா ஸ்ரீரங்கத்திலிருந்து மல்லிகைச் சரம் வாங்கிவந்து, மார்பில் வைத்துக் கட்டிவிட்டாள். பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். உறையூர் வீடு முழுக்க, கல்யாண வீடு மாதிரி மல்லிகை மணத்தது. வள்ளிக்கண்ணு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அப்போதுதான் ஒரு நாள் அழகிரி அதைச் சொன்னான். சோறு வைத்தாள், அவன் பிசைந்துகொண்டே இருந்தான். "ஏழு மாசமாக் கெஞ்சினேன்," என்றான் திடீரென்று. "கேட்டியா? உன் பிடிவாதம்தான்டி அவளைக் கொன்னுடுச்சு."

சொன்னதும் அவன் கையே நின்றுவிட்டது. அவள் அழவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவன் வெளியே போய் வண்டியிலேயே படுத்துக்கொண்டான். அவன் சொன்னது அவளுக்கு வலிக்கவில்லை என்பதுதான் பயங்கரம். அதைத்தான் அவளும் இராப்பகலாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஸ்கூட்டி வாசலில் வந்து நின்றது. தெரு முழுக்கப் பார்த்தது.

"பிள்ளைதான் இல்லையே. எதுக்கு நர்சம்மா வரீங்க?"

"பிள்ளை பெத்தவ இருக்கா இல்ல? அவளைப் பாக்க வந்தேன்," என்றாள் லூர்துராணி. தையலைப் பார்த்தாள். மார்பைப் பார்த்து, காய்ச்சல் வந்தால் உடனே சொல்லச் சொன்னாள். ப்ரஷர் இன்னும் இறங்கவில்லை. மாத்திரையை அவள் தொடவேயில்லை என்பது அட்டையைப் பார்த்தாலே தெரிந்தது.

"சாகறதுக்குப் பாக்கறியா?"

வள்ளிக்கண்ணு மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாதீங்க," என்றாள். "முன்னாடியே பேர் பதிஞ்சிருந்தா அவ பொழைச்சிருப்பாளா?"

கூடத்தில் செருப்பைப் போட்டபடி அழகிரி நின்றுவிட்டதை வள்ளிக்கண்ணு பார்த்தாள்.

"பொழைச்சிருக்கலாம்மா," என்றாள் நர்சம்மா. "இல்லன்னு சொன்னா உனக்கு நிம்மதியா இருக்கும். ஆனா நீ கேட்ட கேள்விக்கு அது பதில் இல்ல. வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும். ஆனா பதிஞ்சும் ரெண்டு தங்கலியே, அதையும் மறக்காத. பயந்துதானே ஓடினே? வேணும்னு செஞ்சியா? உன்னை அப்படிப் பயப்பட வச்சதுல எங்களுக்கும் பங்கு இருக்கு. ரெண்டாவது தடவை கலைஞ்சப்புறம் நான் பேரை அடிச்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன். உன் வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தல. நிறுத்தியிருக்கணும்."

வள்ளிக்கண்ணு அப்போதுதான் அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை. வாயைப் பொத்திக்கொள்ளாமல், தெருவுக்குக் கேட்கும்படி அழுதாள். லூர்துராணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்ததும் எழுந்து, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும்.

அழகிரி மன்னிப்புக் கேட்கவில்லை. அவனுக்கு அது வராது. ஆனால் மறுநாள் காலையிலிருந்து, வண்டி எடுக்கும் முன்னால், ஒரு டம்ளர் தண்ணியும் மாத்திரையுமாக வந்து நிற்பான். அவள் விழுங்கும்வரை நகர மாட்டான். இருவரும் யாழினியைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. அவன் சொன்ன வார்த்தை அந்த வீட்டிலேயேதான் இருந்தது. அதைச் சுற்றி நடந்து பழகிக்கொண்டார்கள்.

மூன்று மாசம் கழித்து அவள் மறுபடி கடைக்குப் போக ஆரம்பித்தாள். ப்ரஷர் மாத்திரை தீர்ந்ததும் ஒரு காலை சுகாதார நிலையத்துக்குப் போனாள். போன பிறகுதான் தெரிந்தது, அன்று பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்கும் நாள். பெஞ்சில் ஓரிடம்தான் காலியாக இருந்தது. பக்கத்தில் புதுத்தாலி மின்ன ஒரு சின்னப்பெண், சோதனைக்குக் கொடுத்த சர்க்கரைத் தண்ணியை முகம் சுளித்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எத்தனை மாசம்க்கா?" என்று கேட்டாள்.

முன்பென்றால் வள்ளிக்கண்ணு எழுந்து போயிருப்பாள். "எனக்கு இல்லம்மா. மாத்திரை வாங்க வந்தேன்," என்றாள். அந்தப் பெண் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்ததால், "பொண்ணு பொறந்தா. யாழினின்னு பேரு. ரெண்டு வாரம் இருந்தா," என்றாள்.

பெண்ணின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தாய்க்காரிக்கு இது காதில் விழுந்தது. அவள் மகளின் தோளைத் தொட்டு, "இங்க காத்து வரல. அங்க போய் உக்காருவோம் வா," என்று எழுப்பினாள். அந்தப் பெண் டம்ளரோடு எழுந்தாள். போகும்போது திரும்பிப் பார்த்து, என்ன சொல்வதென்று தெரியாமல், தலையை மட்டும் அசைத்தாள்.

பெஞ்சில் இரண்டு ஆள் உட்காரும் இடம் காலியாகிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் யாரும் அங்கே வந்து உட்காரவில்லை. அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே லூர்துராணி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தன் பேர் வரும்வரை அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.